அசல்மானி முப்பத்தொன்று காட்டியது

ஐந்தரைக்கு எழுந்தேன். ஒரு குவளைக்கு மட்டும் காப்பித்தூள் போட்டேன். இப்போதெல்லாம் கை தவறுவதில்லை. இரண்டு முட்டை, முந்தின நாள் மீந்த சோளக்கூழ். நின்றுகொண்டே சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். வாசல் கதவின் மேல்கீல் தளர்ந்துபோயிருக்கிறது. ஒரு முறை இழுத்தால் பிடிக்காது, தானே திறந்துகொள்ளும். இரண்டு முறை இழுத்தேன். பிடித்தது.

எங்கள் கறுப்பர் குடியிருப்பான லைமர்ட் பார்க்கிலிருந்து, படநிறுவனங்கள் இருக்கும் பர்பாங்க் போக ஐம்பது நிமிடம். வண்டியில் வானொலி போடுவதில்லை.

ரெனீடா இறந்து அன்றைக்குப் பதினோரு மாதம். மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு முப்பத்து நான்கு. என் பெயர் லயனல் ப்ரூஸார்ட். ஹாலிடன் படநிறுவனத்தின் குளிரறையில் பழைய படச்சுருள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு டப்பாவைத் திறப்பேன். முகர்ந்து பார்ப்பேன். கெட்டுப்போன சுருளில் வினிகர் போலக் காடி வாசம் அடிக்கும். அடிக்காவிட்டால் மூடி வைப்பேன். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. பாடத்தில் இல்லாத வாசனை வேலையில் கிடைத்துவிட்டது என்பாள் ரெனீடா.

வாயிற்காவலில் மிஸ் வெர்னிஸ் இருந்தார். எங்கள் சர்ச்காரர்.

"என்ன தம்பி, மூஞ்சியக் குளிரறையிலயே வச்சுப் பூட்டிட்டு வந்துட்டியா?" என்றார். தினமும் இப்படி ஏதாவது ஒன்று. அன்று கூடவே ஓர் உறையையும் நீட்டினார். "மேல்மாடிலேருந்து வந்திருக்கு. காயிதம் நல்ல கனம். கனமான காயிதத்துல நமக்கு நல்லது வந்து நான் பாத்ததே இல்ல."

உள்ளே தங்க எழுத்தில் 'வலியுடன் அழைக்கிறோம்' என்று இருந்தது. அழைத்தவர்கள் மரபுச் சீராய்வுக் குழு. பொருள் என்ற இடத்தில், 'காலஞ்சென்ற தங்கள் மனைவியின் சிரிப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள்.

உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஹாலிடனின் பெரிய சொத்து மோஸ்பி. கார்ட்டூன் படத்து அகழெலி. பிறந்தது 1929. கரிய முகம், வாயைச் சுற்றி வெள்ளை வளையம், உருண்டை விழி, வெள்ளைக் கையுறை. தர்பூசணியைக் கண்டால் ஓடுவான், பேயைக் கண்டால் நடுங்குவான், என்ன அடி பட்டாலும் கடைசியில் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இருபத்திரண்டு நாடுகளில் பதிவான வணிகச் சின்னம். அதற்குக் குரல் கொடுத்தவர் ஒஹாயோக்காரரான ஹார்லன் ஸ்டிட். வெள்ளைக்காரர். எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு மேடைமேடையாகக் கறுப்பர் வேடம் கட்டிப் பிழைத்தவர். ஒலிப்பதிவு அறைக்கும் கரி பூசிக்கொண்டுதான் வருவாராம். அங்கே அவரைப் பார்க்க ஆள் கிடையாது. பூசாவிட்டால் குரல் வராது என்பாராம். அந்தக் கரி டப்பா இரண்டாம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கீழே ஒரு பலகை: 'இந்தப் பொருளுக்காக நாங்கள் இடைவிடாமல் வருந்திக்கொண்டிருக்கிறோம்.' அதை அடுத்த அறை மோஸ்பி பொம்மைக் கடை.

நூற்றாண்டை ஒட்டி மோஸ்பியின் பேத்தி மிஸ் மோஸ்பியை வைத்துப் புதுப்படம் எடுக்கிறார்கள். படம் வரைகிறவர்களுக்கு உதவியாக முதலில் ஒரு மாதிரிக் குரலைப் பதிவார்கள். பிறகு யாராவது பெரிய நட்சத்திரம் வந்து பேசும். மாதிரிக் குரலை அழித்துவிடுவார்கள். ரெனீடாவுக்கு அந்த மாதிரிக் குரல் வேலை. நான்கு நாள் போனாள். நான்காம் நாள் இயக்குநர் சிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். வந்தா சிரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வரவில்லை.

வந்திருந்தாலும் பயனில்லை. ரெனீடா சிரித்தால் சத்தம் வராது. வாய் மூடியிருக்கும், தோள் குலுங்கும், கண்ணில் நீர் முட்டும். திரையரங்கில் பக்கத்து இருக்கை ஆடினால்தான் அவள் சிரிக்கிறாள் என்று தெரியும். அந்தச் சிரிப்பு எந்தப் பதிவிலும் இல்லை. என்னிடம் மட்டும் இருந்தது.

*

குழு கூடுவதற்குச் சில முறைமைகள் உண்டு. பதினோரு உறுப்பினர்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் 'நான் கேட்கிறேன்' என்று வில்லை. முதலில் கரி டப்பாவை மெத்தைமேல் வைத்துக் கொண்டுவருவார்கள். எல்லாரும் எழுந்து நின்று அதைப் பார்த்துத் தலைகுனிவார்கள். பிறகு மன்னிப்புரையை வாசிப்பார்கள். பதினோரு நிமிடம். பிறகு ஒரு நிமிட மௌனம். மணி அடித்ததும் காகிதக் கைக்குட்டைப் பெட்டி கைமாறி வரும். எடுக்காதவர்களின் பெயரை ஒருவர் குறித்துக்கொள்வார். அறையில் சிரிக்கக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. சிரிப்பைப் பற்றிய கூட்டம் என்பதால் அதைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தனி நாற்காலி. முதுகில் 'வாழ்ந்த அனுபவம்' என்று பித்தளைத் தகடு. உட்கார்ந்தால் குத்தியது.

தலைவர் மெரடித் ஆஷ்கிராஃப்ட். எதிரே இருப்பவர் பேச வாயெடுக்கும்போதே கண் கலங்கிவிடுகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"லயனல், இதே கட்டடத்துலதான் வெள்ளக்காரங்க மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு உங்க மக்களக் கேலி பண்ணாங்க. அத நெனச்சா எனக்கு சாப்பாடு எறங்குறதில்ல. அதனாலதான் இந்தத் தடவ நட்சத்திரம் யாரும் வேணாம்னு முடிவு பண்ணோம். நிஜமான ஒரு கறுப்புப் பொண்ணு. உங்க ரெனீடா. அவங்க இப்ப இல்லாததால, அவங்கள நாங்களே தயார் பண்ணிட்டோம்."

நான்கு நாள் பதிவிலிருந்து ஓர் இயந்திரம் அவள் குரலைச் செய்துவிட்டதாம். என்ன எழுதிக் கொடுத்தாலும் பேசுமாம். ஒப்பந்தப்படி பதிவானதெல்லாம் நிறுவனத்தின் சொத்து. பதிவாகாதது குடும்பத்தின் சொத்து. பதிவாகாமல் போனது சிரிப்பு ஒன்றுதான். அதைச் செய்துகொள்ள என் கையெழுத்து வேண்டும்.



அடுத்து டோபின் க்ரீல் எழுந்தார். இயந்திரப் பிரிவின் தலைவர், ஐம்பது வயதிருக்கும். குரல் எவ்வளவு அசல் என்று அளக்க ஒரு கருவி செய்திருப்பதாகச் சொன்னார். பெயர் அசல்மானி. சுவரில் ஒரு பெரிய எண் ஒளிரும். பூஜ்யம் என்றால் போலி, நூறு என்றால் அசலான கறுப்பினக் குரல். இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வெளியில் எங்கும் போகவில்லையாம். 'கறுப்பினக் குரல்' என்று அட்டை போட்ட இருநூற்றுப் பதினான்கு சுருள்கள் நிறுவனத்தின் குளிரறையிலேயே கிடைத்தனவாம்.

அவற்றைத் தள்ளுவண்டியில் மேலே கொண்டுவந்தவன் நான். போன வசந்தத்தில், ஏழு நடை. அட்டைகளை எழுதியவர்கள் 1934ஆம் வருடத்துக் குமாஸ்தாக்கள். உள்ளே இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஹார்லன் ஸ்டிட்டின் தொழில்காரர்கள், வெள்ளைக்காரர்கள். ஒஹாயோ, இண்டியானா, நியூ ஜெர்சி. எல்லாருக்கும் ஒரே கரி.

முதலில் ரெனீடாவின் நிஜப் பதிவை ஓட்டினார்கள். 'எங்க தாத்தா வீட்டுக்கு இந்த வழியாப் போகணும்' என்ற ஒரே வரி. அவள்தான். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். பதினோரு மாதம் கழித்துக் கேட்டேன்.

அசல்மானி முப்பத்தொன்று காட்டியது.

அறையில் ஒரு பெருமூச்சு. மெரடித் என் கையை இன்னும் இறுக்கினார். "இது தோல்வி இல்ல லயனல். இது ஒரு ஆரம்பம். அவங்க கொஞ்சம் தெளிவாப் பேசிட்டாங்க, அவ்வளவுதான்."

நூறு வாங்கியது யார் என்று கேட்டேன். டோபின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஸ்டிட்னு ஒருத்தர். சுத்தமான நூறு" என்றார்.

அவர் வெள்ளைக்காரர் என்றேன்.

கரி டப்பா மெத்தைமேல் இருந்தது. டோபின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "மெஷினுக்கு நெறம் தெரியாது சார். அதான் அதோட நேர்மையே."

மெரடித் குறிப்பெடுப்பவர் பக்கம் திரும்பி, லயனலின் வலி பதிவு செய்யப்பட்டது என்று எழுதச் சொன்னார். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். கருவி அணைக்கப்படவில்லை. 'அவர் வெள்ளைக்காரர்' என்று நான் சொன்னதற்கும் மதிப்பெண் போட்டிருந்தது. நாற்பத்து நான்கு. மெரடித்துக்குப் பன்னிரண்டு. தான் முயன்றுகொண்டிருப்பதாக அவர் தாழ்மையுடன் சொன்னார்.

*

பிறகு ரெனீடாவைத் திருத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வாரமும் குழுவின் குறிப்புகள் எனக்கும் நகல் வரும். இன்னும் கொஞ்சம் கதகதப்பு தேவை. சொற்களின் கடைசி எழுத்தை விழுங்கட்டும். கோபம் போலத் தொனிக்கிறது, ஒருவேளை அது அவருடைய இயல்பான குரலோ என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார்; இயல்பையும் சரிசெய்ய முடியும் என்று டோபின் பதில் எழுதியிருந்தார். இன்னும் தெற்கே போகட்டும். தென்மாநிலப் பேச்சு வேண்டுமாம்; அவள் பிறந்தது இங்கிள்வுட்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில். இன்னும் தெற்கே. நாற்பத்தைந்து, ஐம்பத்தொன்பது, எழுபத்திரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே, 'அசலை நெருங்குகிறோம்.'

ஒரு வெள்ளிக்கிழமை மின்தூக்கியில் ஏறினேன். கதவு பாதி மூடியதும் தலைக்கு மேலே ரெனீடா பேசினாள்.

"கதவு சாத்தப் போறேனுங்கோ. கையக் கால உள்ள இழுத்துக்கோங்கோ."

தொடர்ந்து சிரித்தாள். மூன்று படி மேலே ஏறி, ஒரே சறுக்கில் கீழே விழும் சிரிப்பு. எனக்குத் தெரிந்த சிரிப்பு. இருநூற்றுப் பதினான்கு டப்பாக்களில் இருக்கிற சிரிப்பு. ஆனால் தொண்டை அவளுடையது. நான் பொத்தான்களையெல்லாம் அழுத்தினேன். எல்லா மாடியிலும் நின்றது. எல்லா மாடியிலும் கதவு மூடியது.

கையெழுத்தில்லாமல் எப்படி என்று எழுதிக் கேட்டேன். உள்ளுக்குள் சோதித்துப் பார்க்கக் கையெழுத்து தேவையில்லை என்று பதில் வந்தது. கருத்துப் படிவமும் வந்தது. ஐந்து முகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தும் மோஸ்பி. ஐந்தும் சிரித்தன, வாயின் அகலம்தான் வேறு.

மறுநாள் காலை முட்டையை உடைக்கும்போது அவள் தோள் குலுங்குவது நினைவுக்கு வந்தது. எப்போதும் வருவதுதான். இந்த முறை சத்தத்தோடு வந்தது. மூன்று படி மேலே, ஒரு சறுக்கு. கண்ணை மூடித் திறந்து மறுபடி நினைத்துப் பார்த்தேன். மறுபடியும் சத்தத்தோடு வந்தது. முட்டை ஓட்டோடு சட்டியில் விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அசல் சிரிப்பு இன்னும் எத்தனை நாள் என்னிடம் இருக்கும் என்று தெரியவில்லை. அவள் எப்படிச் சிரிப்பாள் என்று யாராவது கேட்டால், இதைத்தான் செய்துகாட்டுவேன் என்ற நாள் வரும்.

அடுத்த கூட்டத்தில் முடியாது என்று சொல்லிவிடுவது என்று போனேன். படியேறிப் போனேன். கரி டப்பா வந்தது, மன்னிப்புரை வாசித்தார்கள், மணி அடித்தது. கைக்குட்டை எடுத்துக்கொண்டேன். பிறகு பேசினேன். இதில் எனக்குச் சம்மதமில்லை என்று தொடங்கினேன். சுவரில் நாற்பத்து நான்கு. பதினோரு முகங்களும் வாடின. கோபமில்லை, வருத்தம். வாசலில் நின்ற இரண்டு காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து என் வாய் என்ன செய்தது என்பதை என்னால் விளக்க முடியாது.

"இல்லிங்கம்மா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலிங்கம்மா" என்றேன். ஐம்பத்தெட்டு. முகங்கள் கொஞ்சம் மலர்ந்தன. "நமக்கு என்னங்கம்மா தெரியும். குளிரறையில கெடந்து மூளையும் ஒறஞ்சிபோச்சு." எழுபத்தொன்று. பதினோரு பேரும் புன்னகைத்தார்கள். காவலர்களும் புன்னகைத்தார்கள். கடைசியில் லயனல் மனந்திறந்து தன் சொந்தக் குரலில் பேசிவிட்டார் என்றார் மெரடித். கைக்குட்டை இரண்டாம் சுற்று வந்தது.

கழிவறைக்குப் போய் வாயைக் கழுவினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ரெனீடாவின் கொள்ளுத்தாத்தா அல்ஃபியஸ் கூடாரக் காட்சிகளில் ஆடியவர். கரிய மனிதர். பின்வரிசைக்காரர்கள் நம்ப மாட்டார்கள் என்று முதலாளி அவர் முகத்திலும் கரி பூசச் சொன்னாராம். அவரும் பூசினார். அக்காலத்தில் எங்கள் ஆட்கள் பலரும் பூசியிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து வாளித் தண்ணீரில் கழுவுவார். வெள்ளைக்காரன் கழுவினால் வெள்ளை தெரியும். போய்விட்டது என்று நிறுத்திக்கொள்வான். அவருக்குக் கரிக்குக் கீழேயும் கறுப்பு. எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தோல் வழண்டு போகும்வரை தேய்ப்பாராம். இதை ரெனீடா ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

நானும் நிறுத்தவில்லை. யாரோ வந்து குழாயை மூடினார்கள்.

*

கையெழுத்து விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். என் எழுபத்தொன்றை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று காலை வாயிலில் மிஸ் வெர்னிஸ் என் வண்டியை நிறுத்தி ஜன்னலில் குனிந்தார்.

"லிஃப்டுல அந்தப் பொண்ணப் பேச விட்டுருக்கானுங்களே, கேட்டியா?"

கேட்டேன் என்றேன்.

"அது ரெனீடாவாம். எங்கிட்டயே சொல்றானுங்க. அவளுக்கு நான் போன் பண்ணா 'என்ன'ம்பா. எடுத்தவுடனே 'என்ன'. அவளா 'இழுத்துக்கோங்கோ'ம்பா?" தடுப்புக்கட்டையைத் தூக்காமல் நின்றார். "நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. அன்னிக்கு சர்ச்சுல அவ கடைசியாச் சொன்னதுன்னு நீ ஒண்ணு சொன்னே. ஊரே அழுதுச்சு. எனக்கு மட்டும் அழுகை வரல. அவ அப்படிப் பேசுறவளே இல்லியே."

பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. அவர் கட்டையைத் தூக்கிவிட்டார்.

சவ அடக்கத்தின்போது பாஸ்டர் என்னை எழுப்பி நிறுத்தி, சகோதரி ரெனீடாவின் கடைசி வார்த்தை என்ன என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். நானூறு பேர், நெருக்கடியில் வீசிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் நிஜமாகச் சொன்னதை அங்கே சொல்ல முடியாது. மிகச் சாதாரணம். வெறும் வீட்டுப் பேச்சு. அதனால் ஒன்றைச் செய்து சொன்னேன். "நான் எங்கயும் போகல, லயனல்" என்றாள் என்று. கூட்டம் அல்லேலூயா சொன்னது. மூன்றாம் வரிசையில் மெரடித் ஆஷ்கிராஃப்ட் இருந்தார். அழுதுகொண்டே எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

விழா மூன்றாம் படப்பிடிப்புத் தளத்தில். நிறுவனத்தார் முந்நூறு பேர். மேடையில் மேசை, பத்திரம், பேனா, ஒலிவாங்கி, அதன் தலையில் சிவப்பு விளக்கு. பத்திரம் காப்பகத்துக்குப் போக வேண்டியது என்பதால் விரல் படக் கூடாது என்று என் கையில் வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். முகத்தில் விளக்கைப் போட்டார்கள். பின்னால் பெரிய திரையில் ஒரு பாதியில் மோஸ்பி. மறுபாதியில் நேரலையாக நான். திரும்பிப் பார்த்தேன். கரிய முகம், வெள்ளைக் கையுறை, பயத்தில் உருண்ட விழி, பாதி திறந்த வாய். அவனும் அப்படித்தான் நின்றான். கூட்டத்தில் யாரோ ஆகா என்றார்கள்.

"கொஞ்சம் சிரிங்க லயனல்" என்றார் மெரடித், அன்பாக.

பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். கரி பூசிய காலம் இன்றோடு முடிகிறது என்றார். இனி இந்த நிறுவனத்தில் கறுப்பர் குரலில் கறுப்பர் மட்டுமே பேசுவார்கள், அவர்கள் உயிரோடு இல்லாவிட்டாலும் பேசுவார்கள், உயிரோடு இருந்தபோது சரியாகப் பேச வராதவர்களுக்கும் நிறுவனம் வாய்ப்பளிக்கும் என்றார். கைதட்டினார்கள். லயனலுக்கு ஒரு பரிசு இருக்கிறது என்றார். விளக்குகள் மங்கின.

"நான் எங்கயும் போகல, லயனல்" என்றாள் ரெனீடா.

திருத்தாத குரல். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். அன்று சர்ச்சில் அதைச் செய்தபோது என் காதில் எப்படி ஒலித்ததோ, அப்படியே. ஒரு கணம் நம்பிவிட்டேன். இவள் இதைச் சொன்னாள், நான்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒரு கணத்தைப் போல நான் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. அடுத்து அவள் சிரித்தாள். மூன்று படி மேலே, ஒரு சறுக்கு. சிரிப்பு முடிந்ததும் அங்கே சுவரில் மாட்டியிருந்த அசல்மானி தொண்ணூற்றெட்டு காட்டியது. முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

என் கையில் பேனா இருந்தது. ஒலிவாங்கியில் சொன்னேன்: "அவ இதச் சொல்லல. இது நான் கட்டிவிட்டது."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. மெரடித் என் தோளைத் தொட்டார். துக்கத்தில் நினைவு தடம் மாறிவிடும் என்றும், அதற்காக வெட்கப்பட வேண்டாம் என்றும் ஆறுதல் சொன்னார். "அவங்க சொல்லியிருக்காங்க லயனல். தொண்ணூத்தெட்டு காட்டுது பாருங்க. நீங்க சொல்றதுக்கு முப்பத்தஞ்சுதான் காட்டுது."

முப்பத்தைந்துதான் காட்டியது.

டோபின் ஓரத்திலிருந்து முன்னால் வந்தார். தவறு இருந்தால் திருத்திக்கொள்ளலாம், அதில் ஒன்றும் சிரமமில்லை என்றார். "அப்ப நெசமா என்னதான் சொன்னாங்க? மைக்குல சொல்லுங்க. அத அவங்க குரல்லயே பண்ணிடலாம்."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்நூறு பேரும் காத்திருந்தார்கள். பதினோரு வில்லைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. நான் கேட்கிறேன், நான் கேட்கிறேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் பயம் போய்விடும், எல்லாரும் அழுவார்கள், உட்காரலாம். அப்போது ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. பதிவானதெல்லாம் நிறுவனத்தின் சொத்து.

வாயை மூடிக்கொண்டேன்.

கையுறைகளைக் கழற்றிப் பத்திரத்தின்மேல் வைத்தேன். பேனாவை வைத்தேன். மேடைப்படி நான்கு. இறங்கும்போது கால் இரண்டு முறை பிசகியது. யாரும் தடுக்கவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை. கதவை அடையும்வரை என் முதுகில் அந்த விளக்கு இருந்தது.

விழாக் குறிப்பு அடுத்த வாரம் நகல் வந்தது. 'லயனலின் மௌனம் பதிவு செய்யப்பட்டது. மதிப்பெண்: பூஜ்யம்.' கையெழுத்தில்லாமல் ரெனீடாவின் சிரிப்பைச் செய்ய முடியாது என்று சட்டப்பிரிவு சொல்லிவிட்டது. சிரிப்புக்கு மட்டும் ஹார்லன் ஸ்டிட்டின் பழைய பதிவையே வைத்துக்கொள்ளக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. அது ஏற்கெனவே நூறு. படத்தின் தொடக்கத்தில் போடும் மன்னிப்புரையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு நிமிடமாகிவிட்டது.

நான் இன்னும் அதே குளிரறையில்தான். மாடிக்குப் படியேறிப் போகிறேன். தோள் குலுங்குவதை நினைத்தால் சில நாள் சத்தம் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாட்களை எண்ணுவதில்லை; எண்ணினால் வந்துவிடுமோ என்று பயம்.

மிஸ் வெர்னிஸிடம் மட்டும், அவள் சொன்னது வேறு என்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. "அதான பாத்தேன்" என்று கட்டையைத் தூக்கிவிட்டார்.

எழுத்தில் குரல் பதிவாகாது. அதனால் இங்கே எழுதலாம்.

அன்று ஜனவரி. சாப்பாட்டு டப்பா, காப்பிக் குவளை, அவள் நூலகத்தில் திருப்பிக் கொடுக்கச் சொன்ன இரண்டு புத்தகங்கள். கை நிறையச் சாமானோடு வெளியே வந்து கதவைக் காலால் இழுத்தேன். ஒரு முறை. பிடிக்கவில்லை. நான் படியிறங்கத் தொடங்கிவிட்டேன். பின்னால் கதவு தானே திறந்துகொண்டது. தலை வலிக்கிறது என்று அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு வாட்டி இழு லயனல். குளிருது."